எழும் படநூல்களும் பழங்கால வரலாறும்

சிறுவர்க்கென ஆக்கப்படும் நூல்களுள் ஒரு வகை உண்டு. ஏட்டை விரித்த மாத்திரத்தே அதனுள் மடங்கிக் கிடந்த கோட்டையோ கப்பலோ யானையோ நிமிர்ந்தெழுந்து நிற்கும். ஏட்டை மூடியதும் மீண்டும் மடங்கித் தாளோடு தாளாய் ஒடுங்கிவிடும். ஆங்கிலத்தில் இவற்றைப் 'பொப்-அப்' நூல்கள் என்பர்; எழும் படநூல்கள் என்று தமிழிற் கூறலாம். காண்பதற்கு விளையாட்டுப் பொருள் போன்றவையே. ஆயினும் பழங்கால வரலாற்றைச் சொல்ல இவ்வடிவத்தைக் கைக்கொள்ளும் ஓவியர், பெரிய வரலாற்று நூல்களை எழுதிய பேராசிரியர்களும் எதிர்கொள்ளாத ஒரு சங்கடத்துக்கு உள்ளாகிறார்.

எழுத்தாளருக்குச் சொல்லாமல் விடும் உரிமை உண்டு. பெருங்கற்கால மக்கள் தம்முள் இறந்தோரைக் கற்பலகைகளால் அமைத்த குழிகளில் அடக்கம் செய்தனர் என்று ஒரு வாக்கியம் எழுதிவிட்டு அவர் மேலே செல்லலாம். அம்மக்கள் அரையில் எதனை உடுத்தனர், கூந்தலை எவ்வாறு முடிந்தனர், அழுதபோது நின்றனரா அமர்ந்தனரா என்பவற்றைப் பற்றி அந்த வாக்கியம் வாய் திறப்பதில்லை. ஓவியருக்கோ அவ்வுரிமை இல்லை. ஆளை வரைந்தால் ஆடையையும் வரைந்தே ஆகவேண்டும். எனினும் தட்டையான படம் வரைபவருக்கு ஒரு புகலிடம் எஞ்சியுள்ளது. தெரியாததை ஒரு மரத்தின் பின்னாலோ புகையின் பின்னாலோ மறைத்துவிடலாம். எழும் படநூலில் அப்புகலிடமும் இல்லாமற் போகின்றது. அங்கே குடிசைக்கு முதுகு உண்டு. நூலை வைத்திருக்கும் சிறுவன் தலையைச் சாய்த்துக் குடிசையின் பின்புறத்தைப் பார்ப்பான். அங்கே வெறுந்தாள் இருந்தால் ஏன் என்று கேட்பான். ஆகையால் அறியப்படாத பின்புறத்துக்கும் ஓவியர் வண்ணம் தீட்டியாக வேண்டியிருக்கிறது.

இச்சங்கடம் இலண்டனிலும் நியூயோர்க்கிலும் உள்ள ஓவியர்களுக்கு மட்டும் உரியதன்று. மட்டக்களப்பிலிருந்து திருகோணமலை நோக்கி வடக்கே செல்லும் கரையோரப் பெருவீதியில், வாகரைக்குத் தெற்கே பனிச்சங்கேணி என்னும் ஊர் உள்ளது. ஒருபுறம் வங்கக்கடல், மறுபுறம் களப்பு நீர். பனிச்சை மரமும் கேணியும் ஊரின் பெயரிலேயே அடங்கியுள்ளன. பனிச்சங்காயின் துவர்ச்சாற்றில் வலைகளைத் தோய்த்து உரமேற்றுவது, நைலோன் வலை வருமுன் மீனவர் கண்ட வழி. வாகரையையும் கடந்து அதே வீதியில் மேலும் வடக்கே சென்றால் கதிரவெளியை அடையலாம். இலங்கையில் பெருங்கற்காலப் பண்பாட்டின் ஈமச்சின்னங்கள் காணப்பட்ட இடங்களை ஆய்வாளர் நிரற்படுத்தும்போது, மேற்குக் கரையின் பொம்பரிப்பு, யாழ்ப்பாணத்து ஆனைக்கோட்டை ஆகியவற்றோடு கிழக்குக் கரையின் கதிரவெளியும் இடம்பெறுகின்றது. மட்டக்களப்பு மாவட்டத்தின் உட்பகுதியில், கரடியனாற்றுப் பக்கத்துக் குசலானமலையில் பிராமி எழுத்துப் பொறித்த பாறைக் கல்வெட்டுகள் உள்ளன. வாகரைப் பகுதியெங்கும் தமிழ் பேசும் கரையோர வேடர் குடிகள் வாழ்ந்து வருகின்றன. எகிப்தியப் பிரமிட்டின் முக்கோண வடிவத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வரையக்கூடிய பனிச்சங்கேணிச் சிறுவனுக்குக் கதிரவெளிக் கல்லறை எவ்வடிவினது என்று வரைந்து காட்டியவர் எத்தனை பேர்? அவ்வட்டாரத்தின் பழங்காலத்தை ஓர் எழும் படநூலாக வரையப் புகும் ஓவியர் எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்துவது என்பதே இங்கு ஆராயத் தக்கது.

முதலில் இக்கலையின் பிறப்பை நோக்குதல் வேண்டும். ஏட்டில் அசையும் உறுப்புகளை அமைத்தவர்கள் சிறுவரை மகிழ்விக்க அவ்வாறு செய்தாரல்லர். 13 ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலே சென் அல்பன்ஸ் மடத்துத் துறவி மத்தேயு பாரிஸ், திருநாட்களைக் கணிப்பதற்குச் சுழலும் வட்டங்களை ஏட்டில் பொருத்தினார். 1540 இல் ஜெர்மனியின் பீற்றர் அப்பியன் வெளியிட்ட வானநூலில், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய தாள்வட்டங்களைச் சுழற்றிக் கோள்களின் நிலையை அறியலாம். 1543 இல் வெசாலியஸ் என்னும் உடற்கூற்று அறிஞர், உறுப்புகளை வெட்டியெடுத்து மனித உருவின்மேல் ஒட்டிக்கொள்ளத் தக்க தாள்களை மாணவர்க்கென வெளியிட்டார். 1619 இல் வெளிவந்த இரெமலின் என்பவரின் உடற்கூற்று நூலிலோ, மாணவன் ஒவ்வொரு மடிப்பாகத் தூக்கத் தூக்கத் தோல் விலகித் தசை தோன்றும். தசை விலகி எலும்பு தோன்றும். மேலே இருப்பதை நீக்கிக் கீழே இருப்பதைக் காண்பது என்பதே இவற்றின் அடிப்படை. தொல்பொருளாய்வாளர் மண்ணடுக்கை ஒவ்வொன்றாக நீக்கிச் செல்வதும் இதே முறையன்றோ? வரலாற்றுக்கும் மடிப்புத் தாளுக்கும் உள்ள உறவு, ஆகவே, இயல்பானது.

சிறுவர் உலகுக்கு இக்கலை வந்தது பின்னரே. 1765 ஆம் ஆண்டளவில் இலண்டன் பதிப்பாளர் இரொபேட் சேயர், மேலும் கீழுமாகப் புரட்டினால் காட்சி மாறும் மடிப்பேடுகளை விற்றார். மியூனிக் நகரத்து லோதர் மெக்கென்டோர்பர் 1887 இல் வெளியிட்ட சர்க்கஸ் நூலை விரித்தால் அரங்கம் முழுவதும் அரைவட்டமாக எழுந்து நிற்கும். 'பொப்-அப்' என்னும் பெயரை 1932 இல் நியூயோர்க்கின் புளூ ரிபன் பதிப்பகம் முதன்முதல் வழங்கியது. செக்கோசிலோவாக்கியாவின் வொய்டெக் குபாஷ்டா கட்டடக்கலை பயின்றவர். கொலம்பசின் கப்பலையும் மார்க்கோ போலோவின் பயணத்தையும் தாளிலே கட்டி நிறுத்தினார். 2005 இல் அமெரிக்கரான இரொபேட் சபுடாவும் மத்தியூ ரைன்ஹார்ட்டும் தொல்லுயிர்கள் பற்றிய வரிசையைத் தொடங்கியபோது, தைனோசர்களின் தலை தாளினின்று வாய் பிளந்து எழுந்தது.

வியப்பு இருக்கட்டும். எழுந்து நிற்கும் உருவம் பிழையாயின் என் செய்வது? இதற்கு இலண்டனில் இன்றும் ஒரு சான்று நிற்கின்றது. பளிங்கு மாளிகைப் பூங்காவில் 1854 இல் திறந்துவைக்கப்பட்ட தொல்விலங்குச் சிலைகளைச் செய்தவர் வாட்டர்ஹவுஸ் ஹோக்கின்ஸ். அவற்றுள் இகுவானோடன் என்னும் விலங்கின் மூக்கின்மேல் காண்டாமிருகத்துக்குப் போல ஒரு கொம்பு உண்டு. கூம்பு வடிவான ஓர் எலும்பு கிடைத்திருந்தது. அது மூக்குக்கு உரியதாகலாம் என்று மான்டெல் என்னும் மருத்துவர் கருதியிருந்தார். 1878 இல் பெல்ஜியத்து நிலக்கரிச் சுரங்கமொன்றில் முழு எலும்புக்கூடுகள் பல கிடைத்தன. அந்த எலும்பு கொம்பன்று, கையின் பெருவிரல் முள் என்பது அப்போது தெளிவாயிற்று. ஒரு கட்டுரையில் இப்பிழை நேர்ந்திருந்தால் அடுத்த பதிப்பில் ஒரு வரியை மாற்றினால் போதும். சிலையாக நின்றமையால், திருத்தம் வந்து 140 ஆண்டுகள் கடந்தும் கொம்பு மூக்கிலேயே இருக்கிறது. அதனை இடிக்காமல் பிழையின் வரலாறாகவே பேணுவது ஆங்கிலேயரின் நற்பண்பு எனலாம். ஆனால் சிறுவன் கையிலுள்ள நூலுக்கு அருகில் விளக்கப் பலகை நாட்ட முடியாது.

தமிழ் வாசகருக்கு இந்த உண்மை வேறொரு வழியில் தெரிந்ததே. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் 'பொன்னியின் செல்வன்' தொடராக வந்தபோது, ஓவியர் மணியம் அதற்குப் படம் வரைந்தார். சோழர் காலத்து மாந்தரின் முகம் எப்படியிருக்கும் என்று கேட்டால், பலர் மனத்தில் இன்றும் எழுவது மணியத்தின் கோடுகளே. கல்வெட்டைப் படித்தவரும் இதற்கு விலக்கல்லர். படத்தின் வலிமை அத்தகையது. புனைகதைக்கு வரைந்த படம் கதையோடு நின்றால் குற்றமில்லை. அது வரலாற்றின் இடத்தில் அமர்ந்துகொள்ளும்போதுதான் எச்சரிக்கை வேண்டும்.

வரைபவர் எவ்வாறு நேர்மையாக நடந்துகொள்ளலாம் என்பதற்கு இலங்கையிலேயே சிறந்ததொரு முன்மாதிரி உண்டு. சிகிரியாக் குன்றின் சுவரோவியங்களைப் படியெடுக்கும் பணியை, அக்காலத் தொல்பொருள் ஆணையாளர் எச். சி. பி. பெல், டி. ஏ. எல். பெரேரா என்னும் ஓவியரிடம் ஒப்புவித்தார். 1896, 1897 ஆம் ஆண்டுகளில் பெரேரா செங்குத்தான பாறையிலே கயிற்றில் தொங்கும் இருக்கையில் அமர்ந்தும் படுத்தும் எண்ணெய் வண்ணத்தில் அவற்றைப் படியெடுத்தார். ஓவியத்தில் இருந்த கறைகளையும் உரிந்துபோன இடங்களையும்கூட அவர் விடாது வரைந்தார் என்பதே பெல் அவரைப் பாராட்டியதற்குக் காரணம். அழிந்த கையை நிரப்பி அழகாக்கும் ஆசை எந்த ஓவியருக்கும் எழக்கூடியது; அவ்வாசையைப் பெரேரா அடக்கினார். 1967 இல் தீயோர் சிலர் சுவரோவியங்களின்மேல் வண்ணத்தைப் பூசிச் சிதைத்த பின்னர், அந்தப் படிகளின் அருமை முன்னிலும் மிகுந்தது. உரிந்த இடத்தை உரிந்ததாகவே காட்டும் அந்த அடக்கம், எழும் படநூல் செய்வோருக்கு வேண்டிய முதற் பாடம்.

இனிப் பனிச்சங்கேணிக்கும் கதிரவெளிக்கும் இடைப்பட்ட கரையை வரையத் தொடங்கலாம். முதலில் நிலம். இன்று அப்பகுதியின் வளவுகளில் காணப்படும் மரமுந்திரிகை, பப்பாசி, மரவள்ளி, மிளகாய், சோளன் ஆகிய யாவும் அமெரிக்கக் கண்டத்துக்கு உரியவை. போர்த்துக்கேயர் கடலோடி வந்த காலத்துக்குப் பின்னரே இங்கு வேரூன்றியவை. கோயில் முன்றிலில் நிற்கும் அலரி என்று சொல்லப்படும் பால்மரமும் அவ்வாறே வந்தது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய குடிசையின் பக்கத்தில் பப்பாசி மரமொன்றை அழகுக்காக வரைந்தால், அது அரசன் கையில் கைக்கடிகாரம் கட்டியதற்கு ஒப்பாகும். பனையும் பாலையும் வீரையும் பனிச்சையும் வரையலாம். வலைக்கு இன்று காணும் நீலமும் பச்சையும் ஆகா. நார் அல்லது நூலின் நிறமே பொருந்தும். கடற்கரையின் கோட்டையும் இன்றைய வரைபடத்தினின்று அப்படியே பெயர்த்தல் ஆகாது. மணல்மேடும் களப்பின் முகத்துவாரமும் இடம் மாறுவன; 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை ஒரே காலைப்பொழுதில் இக்கரையை எவ்வளவு மாற்றியது என்பதைக் கண்டவர் இன்னும் உள்ளனர்.

இவ்விடத்தில் மடிப்பேடு ஓவியருக்குக் கைகொடுக்கும். 18 ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹம்பிரி இரெப்டன் என்னும் ஆங்கிலேயத் தோட்டக்கலைஞர், நிலவுடைமையாளர்களுக்குக் காட்டவென்று செந்நிற அட்டையிட்ட ஏடுகளைத் தயாரித்தார். இன்றுள்ள நிலத்தின் படத்தின்மேல் ஒரு தாள்மடிப்பு இருக்கும். அதைத் தூக்கினால் அதே நிலம் மாற்றப்பட்ட பின் எப்படித் தோன்றும் என்பது தெரியும். அந்த உத்தியைப் பின்னோக்கித் திருப்பினால் போதும். மேல் மடிப்பில் சிறுவன் நாள்தோறும் காணும் வீதியும் பாலமும் மின்கம்பமும்; அதைத் தூக்கினால் அவை யாவும் இல்லாத கரை.

அடுத்துப் பொருள்கள். இங்கு ஓவியரின் நிலை சற்று உறுதியானது. பெருங்கற்கால ஈமச்சின்னங்களோடு பொதுவாகக் கிடைக்கும் மட்பாண்டம் கறுப்பு-சிவப்புப் பாண்டம் எனப்படும். அதன் உட்புறமும் வாய்ப்பகுதியும் கறுப்பு; வெளியே அடிப்பகுதி சிவப்பு. சூளையில் காற்றுப் படாத பக்கம் கருமையும் காற்றுப் பட்ட பக்கம் செம்மையும் அடைந்ததால் உண்டான நிறவேறுபாடு இது. இரு நிறமும் கூடும் இடத்தில் நேர்க்கோடு கிழித்தாற்போல வரைதல் பிழை. நெருப்பு ஒருபோதும் கோடு கிழிப்பதில்லை. இரும்புக் கருவிகளும் மணிகளும் பிற இடங்களில் அகழ்ந்தெடுக்கப்பட்டவை. அவற்றை அளவோடு வரையலாம். பொம்பரிப்பில் 1924 இல் ஹோக்கார்ட் தொடங்கிய ஆய்வு 1970 வரை இடையிட்டு இடையிட்டு நடந்தது. அங்கு கிடைத்தவை தாழிகள். ஆகவே பொம்பரிப்புத் தாழியைக் கதிரவெளிக் கல்லறைக்குள் கொண்டுபோய் வைப்பது தகாது. 1980 ஆம் ஆண்டை ஒட்டி யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் ஆனைக்கோட்டையில் நடத்திய அகழ்வில் எலும்புக்கூட்டோடு ஒரு முத்திரை கிடைத்தது. மேல்வரியில் குறியீடுகளும் கீழ்வரியில் பிராமி எழுத்துகளும் உள்ள அரிய பொருள். அதுவும் ஆனைக்கோட்டைக்கே உரியது. அழகிய பொருள் எங்கே கிடைத்தாலும் அதை எடுத்துத் தம் பக்கத்தில் ஒட்டும் ஆசை சிறுவர் நூல் செய்வோரை விட்டு எளிதில் நீங்குவதில்லை.

முகம் வந்தவுடன் தரை மீண்டும் நழுவுகிறது. தமிழ்நாட்டில் கீழடிக்கு அண்மையிலுள்ள கொந்தகையில் தாழிகளிலிருந்து எடுத்த இரு மண்டையோடுகளை அடிப்படையாகக் கொண்டு, மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தாரும் இங்கிலாந்தின் லிவர்பூல் ஜோன் மூர்ஸ் பல்கலைக்கழகத்தாரும் உருவாக்கிய முகங்கள் 2025 இல் வெளியாயின. எலும்பு முகத்தின் அமைப்பைச் சொல்லும். தோலின் நிறத்தைச் சொல்லாது. ஆகவே நிறம் இக்காலத் தென்னிந்தியரை ஒட்டித் தீட்டப்பட்டது. இங்கிலாந்தில் 1903 இல் கண்டெடுத்த 'செடார் மனிதன்' எலும்புக்கூட்டுக்கு முன்னர் வெண்ணிற முகம் அமைத்தனர். மரபணு ஆய்வுக்குப் பின் 2018 இல் அதே மனிதனுக்குக் கருநிற முகம் அமைக்க நேர்ந்தது. மண்டையோடு ஒன்றே, மாறியது தீட்டியவர் கொண்ட அறிவு.

ஆடையும் முகமும் தெரியாத நிலையில், பல ஓவியர்கள் நாடும் குறுக்குவழி ஒன்று உண்டு. இன்று காட்டோரத்தில் வாழும் மக்களைப் பார்த்து அவர்களையே பழங்கால மனிதராக வரைந்துவிடுகின்றனர். இலங்கையில் அந்தப் பங்கு வேடருக்கு வாய்த்தது. குடியேற்றக் காலத்து அஞ்சலட்டைகளில் வில்லோடும் தோளில் கோடரியோடும் நிற்குமாறு அவர்கள் படமாக்கப்பட்டனர். 1911 இல் செலிக்மன் தம்பதியர் வேடர் பற்றி வெளியிட்ட பெருநூல் இன்றும் போற்றப்படுவது. ஆயினும் பழமையின் கலப்பற்ற எச்சத்தைத் தேடிச் சென்ற அவர்களது நாட்டம் உள்நாட்டு வேடரிடமே இருந்தது. கடலில் மீன்பிடித்துத் தமிழ் பேசிய கீழைக்கரை வேடர் கலப்புற்றவராகவே அவர்களுக்குத் தோன்றினர். இருவகை மக்களுக்கும் இது அநீதியே. ஒரு சாரார் மாறாதவர் என்று கற்காலத்தில் நிறுத்தப்பட்டனர். மற்றொரு சாரார் மாறிவிட்டனர் என்பதாலேயே கணக்கில் குறைந்தனர்.

இப்போது கற்பனை செய்து பார்க்கலாம். பனிச்சங்கேணியில் வேடர் குடியிற் பிறந்த ஒரு சிறுமி பாடசாலை நூலகத்தில் அப்படநூலை விரிக்கிறாள். 'கற்கால மனிதன்' என்னும் பக்கத்தில் எழுந்து நிற்கும் உருவத்துக்குத் தன் பாட்டனாரின் தாடியும் தோளும் நிற்கும் நிலையும் இருப்பதைக் காண்கிறாள். பாட்டனாரோ அன்று காலை தோணியை மணலில் ஏற்றிவிட்டுக் கைத்தொலைபேசியில் மீன்விலை பேசியவர். பக்கத்திலிருக்கும் பிள்ளைகள் சிரிப்பார்கள். எந்த வாக்கியத்திலும் அந்நூல் அவளை இழிவாகப் பேசவில்லை. வரைந்த கை அக்காரியத்தைச் செய்து முடித்துவிட்டது. ஓவியரின் தூரிகை இவ்வளவு தூரம் செல்லும் என்பதால்தான் இதனை விளையாட்டுப் பொருள் என்று ஒதுக்க முடியவில்லை. வேடரை வரையவே கூடாது என்பதன்று கருத்து. இந்நூலில் அவர்களுக்கு இடம் வேண்டும். அந்த இடம் மேல்மடிப்பில், வீதியும் பாலமும் மின்கம்பமும் உள்ள பக்கத்தில், ஏனைய ஊரவரோடு கூட அமைய வேண்டும்.

தெரியாததைத் தெரியாதது என்று காட்ட இக்கலையில் வழியுண்டா என்றால், உண்டு. அகழ்ந்து கண்ட பொருளுக்கு முழு வண்ணம் தீட்டலாம்; ஊகித்ததைப் பென்சில் கோட்டோடு விட்டுவிடலாம். கல்லறைக்கு வண்ணம், அதைச் சுற்றி நின்று அழும் மக்கள் வண்ணமற்ற வெள்ளைத் தாளுருவங்கள். சிறுவர் இதனை விரும்பார் என்பது பதிப்பாளர் சிலரின் அச்சமாக இருக்கலாம். பாவைக்கூத்தில் திரைக்குப் பின் அசையும் நிழலைக் கண்டு மகிழ்ந்த நாட்டில் அந்த அச்சத்துக்கு அவ்வளவு இடமில்லை. மேலும், வெள்ளை உருவம் ஒன்றைக் கண்ட பிள்ளை தானே வண்ணப் பென்சிலை எடுக்கும்; தீட்டும்போது, இந்த ஆடைக்கு எந்த நிறம் என்று ஆசிரியரிடம் கேட்கும்.

செய்யும் முறையும் சிறிது அறியத் தக்கது. முதலில் வெறும் அட்டையில் மாதிரி செய்வர். ஏட்டின் நடுமடிப்புக்குக் குறுக்கே, விரித்த புறாச்சிறகு போல ஒரு தாள்துண்டை இருபக்கமும் ஒட்டினால், ஏடு திறக்கும்போது அது முன்னோக்கி எழும். சாய்வின் கோணம் சிறிது பிசகினாலும் மூடிய ஏட்டுக்கு வெளியே ஒரு முனை எட்டிப் பார்க்கும். தாளுக்கும் மரத்துக்குப் போல நார் ஓடும் திசை உண்டு. அத்திசையோடு மடித்தால் மடிப்பு நேராக வரும், எதிர்த்து மடித்தால் வெடிக்கும். வெட்டுவதற்குப் பொறி உண்டு. மடித்து ஒட்டுவதற்கோ கைகளே வேண்டும். அமெரிக்கப் பதிப்பகங்கள் இவ்வேலையைக் கொலம்பியாவுக்கும் பின்னர்ச் சீனாவுக்கும் அனுப்பியதற்குக் காரணம் அதுவே. விலை மிகுவதும் அதனாலேயே. ஆனால் ஒரு வகுப்புக்கு ஒரு நூல் போதுமாயின், அட்டையும் பசையும் கத்தரிக்கோலும் உள்ள எந்தப் பாடசாலையிலும் அதனை ஆக்கலாம்.

கற்பலகைக் கல்லறையோ இக்கலைக்கென்றே அமைந்தாற் போன்றது. நாற்புறமும் செங்குத்தாக நிறுத்திய பலகைக் கற்கள், மேலே ஒரு மூடுகல். பெட்டி மடிப்பு ஒன்றினால் பக்கக் கற்கள் நான்கும் எழுந்துவிடும். மூடுகல்லை ஓரத்தில் மட்டும் ஒட்டிவிட்டால் பிள்ளை தன் விரலால் அதைத் தூக்கலாம். உள்ளே கறுப்பும் சிவப்புமான கலங்கள், துருவேறிய இரும்பு, சில எலும்புகள். மூடுகல்லின் அடிப்பக்கத்துக்கும் வண்ணம் தேவை. மேற்பக்கம் வெயிலிலும் மழையிலும் வெளிறியது. நெடுங்காலம் வெளிச்சம் காணாத அடிப்பக்கத்தைச் சற்றுக் கருமையாகவும் மண் ஒட்டியதாகவும் தீட்டுதல் வேண்டும்.